ஆதாமைத் தேடியவர்களும் மடுவுக்குப் போனவர்களும்

மலையகத் திருத்தலங்கள் – 9

சென்ற இதழில் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை நடந்த கூட்டத்தோடு நின்றோம். இந்த இதழில் மலை ஏறிவிடலாம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் வழியில் முதலில் வருவது டிக்கோயா. டிசம்பர்ப் பூரணை தொடங்கி வெசாக் வரைக்கும் இந்தப் பாதை யாத்திரிகர்களுடையது. பேருந்துகளும் வேன்களும் இரவெல்லாம் நல்லதண்ணியை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். வானம் விட்டுக்கொடுத்தால் காசல்ரீ நீருக்கு அப்பால் சிவனொளிபாதமலையின் கூம்பு தெரியும். சைவர்களுக்கு அது சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம்.

கிறிஸ்தவர்களும் ஒரு காலத்தில் அந்த மலைக்குப் பாத்தியதை கொண்டாடினார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் முதல் தேவாலயம் எழும்புவதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய பாத்தியதை அது. ஆனால் இன்று டிக்கோயாவின் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றிடம் உங்கள் திருத்தலம் எது என்று கேட்டால் கண்ணெதிரே நிற்கும் மலையை யாரும் காட்டமாட்டார்கள். மடு என்பார்கள், வேளாங்கண்ணி என்பார்கள், தங்கள் தோட்டத்துக் கோயிலைச் சொல்வார்கள். பக்கத்தில் இருந்த மலை ஏன் ஒட்டவில்லை, தொலைவில் இருந்த மடு எப்படி ஒட்டியது என்பதே இந்த இதழின் கதை.

அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கிறிஸ்தவத்தின் முதல் மூன்று நூற்றாண்டுகளில் புனித இடங்களைத் தேடுவது பெரிய காரியமாக இருக்கவில்லை. யாக்கோபின் கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசியதை நினைவில் வைத்திருந்தவர்களுக்கு எந்த மலையும் எந்த நகரமும் கட்டாயமாகப் படவில்லை. கான்ஸ்டன்டைன் காலத்தில் அது மாறியது. எருசலேமில் ஒரு கோயிலை இடித்துத் தோண்டி அடியில் இருந்த குகையை இயேசுவின் கல்லறை என்று அடையாளம் கண்டார்கள். அதன்மேல் எழுந்த பேராலயம் 335இல் அர்ப்பணிக்கப்பட்டது. பேரரசரின் தாய் ஹெலேனா 326ஐ ஒட்டி அங்கே யாத்திரை போனார். சிலுவையைக் கண்டெடுத்தவர் அவரே என்ற கதை அந்த நூற்றாண்டின் கடைசியில்தான் எழுத்தில் வருகிறது; அவர் காலத்திலேயே வாழ்ந்து வரலாறு எழுதிய யூசேபியஸ் அதைப்பற்றி ஒரு சொல் எழுதவில்லை. 380களில் எகேரியா என்ற பெண் பைபிளைக் கையில் வைத்துக்கொண்டு சீனாய் மலை, யோர்தான், எருசலேம் என்று ஒவ்வொரு இடமாகப் போய் அந்தந்தப் பகுதியை அந்தந்த இடத்திலேயே வாசித்தார். முதலில் புத்தகம், பிறகு புத்தகத்துக்கு ஏற்ற இடம் என்பது அவர்கள் வழி. இதெல்லாம் தேவையா என்று நிஸ்ஸா நகர ஆயர் கிரகோரி அப்போதே கடிதம் எழுதினார். போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

அதே பழக்கத்தோடுதான் ஐரோப்பியத் துறவிகள் இலங்கைக்கும் வந்தார்கள். 1320களில் இந்தப் பக்கம் வந்த பிரான்சிஸ்கன் துறவி ஒதோரிக், ஆபேல் இறந்தபின் ஆதாம் நூறாண்டு அழுத மலை இங்கே இருப்பதாகவும் அவர் கண்ணீரால் ஒரு ஏரி நிரம்பியதாகவும் கேட்டு எழுதிவைத்தார். அவருக்குப் பின் வந்த மரிஞோலியின் ஜான் இன்னும் சுவையானவர். அவரும் பிரான்சிஸ்கன். 1338இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பெனடிக்ட் அனுப்பிய தூதுக்குழுவில் சீனப் பேரரசரிடம் போனவர். திரும்பும் வழியில் கொல்லத்தில் தங்கினார், மயிலாப்பூரில் தோமாவின் கல்லறையைத் தரிசித்தார். 1350ஐ ஒட்டி இலங்கையின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கினார். பேருவளை என்று ஆய்வாளர்கள் கருதும் துறை அது. அங்கே அதிகாரம் செலுத்திய கோயா ஜான் என்பவர் மரியாதையாக வரவேற்று, மரியாதையாகவே அவருடைய பொன்னையும் பட்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, சில மாதங்கள் போகவிடவில்லை. தூதரை விருந்தாளியாகவே கைதியாக்குவது அந்தக் காலத்து அரசியல்.

நகர முடியாத மனிதருக்குப் பார்க்க நேரம் கிடைத்தது. அவர் மனத்தில் ஆதியாகமம் இருந்தது. கண்முன்னே தீவு இருந்தது. இரண்டையும் பொருத்திப் பார்த்தார். ஏதேன் இங்கிருந்து நாற்பது மைல்தான், அங்கே நீர் விழும் ஓசை இங்கே கேட்கும் என்று சொல்லக் கேட்டு அதையும் எழுதினார். ஏதேனிலிருந்து விலக்கப்பட்ட ஆதாம் இந்த மலையில்தான் வந்து நின்றார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆதாமும் ஏவாளும் உடுத்தது அத்தியிலை என்று புத்தகம் சொல்கிறது. இங்கே வாழையிலையைப் பார்த்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டார். வாழைப்பழத்தைக் குறுக்கே வெட்டினால் சிலுவையில் தொங்கும் உருவம் தெரிகிறது என்றும் எழுதினார். நாமும் வாழைப்பழத்தைக் குறுக்கே வெட்டித்தான் பார்க்கிறோம். அதைக் காண அவருடைய விசுவாசமும் வேண்டும்போலிருக்கிறது. மலையைப்பற்றி அவர் எழுதியதை மட்டும் டிக்கோயாவில் ஒரு மழைக்காலம் இருந்த எவரும் நம்புவார்கள். மூடுபனியால் மலை தெரியவே இல்லை. ஏங்கிக் கிடந்தவர்களுக்கு ஒருநாள் விடியுமுன் பனி விலகி அது நெருப்பாய் ஒளிர்ந்தது என்கிறார். பாதத்தின் நீளம் இரண்டரைச் சாண் என்று அளவும் தருகிறார்.

1505இல் போர்த்துக்கேயர் வந்தபின் மலைக்கு இன்னொரு பெயர் சொன்னார்கள். கிறிஸ்தவம் ஊன்றிய அடையாளம் ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. ஆதாம் அதற்கு உதவமாட்டார், ஏனென்றால் ஆதாமை முஸ்லிம்கள் முன்பே உரிமை கொண்டாடிவிட்டார்கள். எனவே பாதம் தோமாவினுடையது என்றார்கள் சிலர். அப்போஸ்தலர் நடபடிகளில் பிலிப்புவிடம் ஞானஸ்நானம் பெற்ற எத்தியோப்பிய மந்திரி, அரசி கந்தாகேயின் அண்ணகர், அவருடைய பாதம் என்றார்கள் வேறு சிலர். 1859இல் இலங்கையைப்பற்றிப் பெரிய நூல் எழுதிய எமர்சன் டெனன்ட் இந்த இரு கட்சியையும் குறித்துவைத்திருக்கிறார். கட்சிகள் ஏட்டில் இருந்தன, மலையில் இல்லை. மலை அந்த நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கைக்கு எட்டாத உள்நாட்டில் கிடந்தது. சீதாவாக்கை இராசசிங்கன் அதைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான். பதினெட்டாம் நூற்றாண்டில் கண்டியரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் பௌத்தப் பிக்குகளிடம் திருப்பிக் கொடுத்தான். தோமாவுக்காக அங்கே ஒரு விளக்கை ஏற்றவும் ஆளில்லை. நேர்ந்துகொண்டு ஏறிய ஒரு தாயில்லை, திருநாளில்லை, கொடியேற்றமில்லை. படித்தவர்கள் பெயர் சூட்டிவிட்டுக் கப்பலேறிவிட்டார்கள். ஏட்டில் பெயர் எழுதுவதால் ஓரிடம் திருத்தலம் ஆகிவிடாது என்பதற்கு இலங்கையில் இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி கோப்பிக் காலம். டிக்கோயாவின் காடு பெருமளவில் அழிக்கப்பட்டது 1860களில். திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம், திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் கங்காணிகளின் பின்னால் வந்தார்கள். பெரும்பாலோர் மாரியம்மனையும் முனியாண்டியையும் கூட்டி வந்தார்கள். சிறு தொகையினர் கிறிஸ்தவர்கள். அவர்களுக்காகவும் மற்றவர்களுக்குச் சுவிசேஷம் சொல்வதற்காகவும் 1854இல் சி.எம்.எஸ். சபையின் தமிழ்க் கூலி மிஷன் கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. பெயரே அப்படித்தான், மாற்றி எழுதினால் வரலாற்றுக்கு வெள்ளையடித்ததாகிவிடும். முதல் பொறுப்பாளர் செப்டிமஸ் ஹாப்ஸ் திருநெல்வேலியில் ஊழியம் செய்து தமிழ் கற்றவர். பணத்தில் ஒரு பங்கைத் தோட்டத் துரைமாரே கொடுத்தார்கள். ஆட்களைத் திருநெல்வேலிச் சபை கொடுத்தது.

அந்த ஆட்கள் உபதேசியார்கள். மிஷனரி வரலாறுகளில் அவர்களுக்குக் கிடைப்பது ஓரிரு வரி. மலையகக் கிறிஸ்தவத்தை மலையில் ஏற்றியவர்கள் அவர்கள் என்று நான் நினைக்கிறேன். முதலூர், நாசரேத், மெஞ்ஞானபுரம் போன்ற கிறிஸ்தவ ஊர்கள் எழும்பிய மண்ணிலிருந்து வந்தவர்கள். 1799இல் தாவீது சுந்தரானந்தம் முதலூரை உண்டாக்கியபோது அது துன்புறுத்தலுக்குத் தப்பியவர்களின் அடைக்கல ஊர். நிலம் வாங்கி, கிணறு வெட்டி, கோயில் கட்டி, வீடு கட்டி வாழ்ந்த ஊர். அப்படி ஓர் ஊர் டிக்கோயாவில் எழும்பியிருக்க முடியுமா? முடியாது. இங்கே ஓர் அங்குல நிலமும் உபதேசியாருக்கோ அவர் சபைக்கோ சொந்தமில்லை. காலையில் பெரட்டுக் களத்தில் நாலு வார்த்தை, மாலையில் லயத்து வாசலில் ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அடுத்த நாள் அடுத்த தோட்டம். வேலைக்குப் போனால் லயத்துக் காம்பரா உண்டு, வேலை போனால் காம்பராவும் போகும். பற்றுச்சீட்டு, துண்டு, கடன் என்று கங்காணி கையில் சிக்கியிருந்தவர்களுக்குத் தோட்டம் மாறுவதே பெரும்பாடு. துரை மனமிரங்கினால் மூலையில் ஒரு கோயில் எழும்பும். அடுத்த துரை வேறு மனம் கொண்டவரானால் அந்த மூலையிலும் கன்று நடுவார்கள். திருத்தலத்துக்கும் உறுதி வேண்டியிருக்கிறது. இந்த மக்களிடம் எதற்குமே உறுதி இருக்கவில்லை. 1948க்குப் பிறகு குடியுரிமையும் இருக்கவில்லை.

உறுதி இருந்தவர்கள் கட்டியது வார்லி. டிக்கோயாவிலிருந்து சற்றே உள்ளே, காசல்ரீக்கு மேலே மேட்டில் நிற்கும் ஆங்கிலிக்கன் கிறிஸ்து ஆலயம். கல்லால் கட்டிய இது 1878இல் எழும்பியது. அந்த ஆண்டைக் கவனியுங்கள். ஹட்டனுக்கு ரயில் வர இன்னும் ஆறு ஆண்டு இருந்தது. 1874இல் நாவலப்பிட்டியோடு தண்டவாளம் நின்றுவிட்டது. மறுபக்கத்தில் 1869இல் மடுல்சீமையில் தொடங்கிய கோப்பி இலைநோய் மலையெங்கும் பரவிக்கொண்டிருந்தது. அடுத்த பத்தாண்டில் தோட்டங்கள் பல கைமாறி, கோப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. நூறாண்டு நிற்கும் என்று நம்பி அவர்கள் கட்டிய கோப்பி வாழ்க்கை பத்தாண்டும் நிற்கவில்லை, கோயில் நின்றுவிட்டது. அதைச் சுற்றிய கல்லறைத் தோட்டத்தில் ஸ்கொட்லாந்துப் பெயர்களும் இங்கிலாந்துப் பெயர்களும் பொறித்த கற்கள் இருக்கின்றன. காய்ச்சலில் இளவயதில் போனவர்கள் உண்டு, குழந்தைகள் உண்டு. அவர்களுடைய துயரத்தைக் குறைத்துச் சொல்ல நான் விரும்பவில்லை. ஊரை விட்டு வந்து ஊர் தெரியாத மண்ணில் பிள்ளையைப் புதைத்தவர்கள் அவர்களும்தான்.

இன்னொரு கல்லறையையும் பார்த்துவிட்டுப் போவோம். 1879 ஜனவரி 26இல் டிக்கோயாப் பக்கத்துக் கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் இறந்தார். கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் டெனிசனையும் டார்வினையும் படமெடுத்துப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர். 1875இல் இலங்கைக்கு வந்தபோது சாமான்களோடு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார் என்பார்கள். பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் ஆலய வளவில் அவரை அடக்கம் செய்தார்கள். அடுத்த ஆண்டு கணவர் சார்ல்ஸ் ஹே கமரனும் பக்கத்தில் சேர்ந்தார். இந்தக் கணவரை நம் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம், கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம் என்று. இலங்கையின் கட்டாய ஊழியமான இராசகாரியத்தை ஒழிக்கச் செய்த ஆணைக்குழுவில் இருந்தவர். உள்ளூர் ஆளைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கும் வழி அடைபட்ட பின்னர்தான் கோப்பிக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் பிடித்தார்கள். அதையெல்லாம் அறிந்தவர் அந்த ஆட்கள் பயிரிட்ட மலையிலேயே தோட்டம் வாங்கி அங்கேயே உறங்குகிறார். இன்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து புகைப்படக் காதலர்கள் அந்தக் கல்லறையைத் தேடி வருகிறார்கள். அதுவும் ஒருவகை யாத்திரைதான்.

அந்தக் கற்களைச் சுற்றித் தேயிலை நட்டவர்களின் கல்லறைகளைத் தேடினால் வேறு மாதிரி. தோட்டத்து மயானத்தில் மண்மேடு, மேட்டின் தலைமாட்டில் ஒரு மரச்சிலுவை. டிக்கோயா மழைக்கு மரம் எத்தனை வருடம் தாங்கும்? நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் புல்வெட்டி, மெழுகுவர்த்தி கொளுத்தி, இது அப்பாயி, இது பெரியப்பா என்று பிள்ளைகளுக்குக் காட்டும்வரை அந்த மேடுகளுக்குப் பெயர் இருக்கும். 1964 அக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்குக் கணக்கெழுதியது. ஹட்டன் நிலையத்தில் கட்டியழுது ரயிலேறிய குடும்பங்களோடு பல மேடுகளின் பெயரும் போய்விட்டது. காட்டுவதற்கு ஆள் இல்லாத மேடு தேயிலை மலையோடு மலையாகிவிடும்.

கையில் நிலமில்லாதவர்கள் எந்தத் திருத்தலத்தைப் பிடித்துக்கொள்வார்கள்? அவர்களைப்போலவே ஓரிடத்தில் நிற்கமுடியாமல் அலைந்த ஒன்றை. டிக்கோயாக் கத்தோலிக்கர்கள் மடுவைப் பிடித்துக்கொண்டதன் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மடு மாதாவின் கதை முழுக்க இடப்பெயர்வின் கதை. ஒல்லாந்தர் கத்தோலிக்கர்களை நெருக்கியபோது 1670இல் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிய எழுநூறு பேர் வந்து சேர்ந்தார்கள். மடுவில் நடந்த எந்தச் சம்பவமும் பைபிளில் இல்லை. எகேரியா அங்கே போயிருந்தால் வாசிக்க ஒரு பகுதி கிடைத்திருக்காது. ஓடிவந்தவர்கள் சிலையை இறக்கிவைத்த இடம், அவ்வளவுதான். 1924 ஜூலை 2இல் சிலைக்கு முடிசூட்டினார்கள்.

தோட்டத்து ஆட்கள் இந்தியாவிலிருந்து நடந்துவந்த மன்னார்–மாத்தளைப் பாதை மடுக் காட்டை ஒட்டியது. பின்னாளில் ரயில் வந்தது, பேருந்து வந்தது. ஆகஸ்ட் 15 திருநாளுக்காக ஆண்டு முழுவதும் சீட்டுப் போட்டுச் சேர்த்து, லீவு சொல்லி, அரிசி பருப்பு சட்டி பானை சகிதம் குடும்பமாய்ப் போய்க் காட்டில் கொட்டில் போட்டுத் தங்கிவருவது மலையகக் கத்தோலிக்கரின் வழக்கமாயிற்று. இந்துக்களும் கூடப் போவார்கள். நேர்த்திக்கு மதம் கேட்பதில்லை. திரும்பும்போது மடு மண்ணைச் சிறு முடிச்சாகக் கட்டிக் கொண்டுவருவார்கள். பாம்புக் கடிக்கு அந்த மண் காப்பு என்பது பழைய நம்பிக்கை. கொழுந்து மலையில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்கு அது வெறும் நம்பிக்கை என்று சொல்லி விடக்கூடியதில்லை. எடுத்துக்கொண்டு போகக்கூடிய திருத்தலம் என்றால் அது அந்த முடிச்சுத்தான். எந்தத் துரையும் அதைப் பிடுங்கிக் கன்று நட முடியாது.

1958, 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் பலர். 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மடு வளவு ஆயிரக்கணக்கானோரின் அகதி முகாமாயிற்று. டிக்கோயாவிலிருந்து திருநாளுக்குப் போன இடத்தில் மலையகத்து உறவினர் கொட்டிலுக்குள் அகதியாக இருந்த காலம் அது. 1999 நவம்பர் 20 இரவு ஆலய வளவில் எறிகணைகள் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் குருக்கள் சிலையைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்டில் சிலை திரும்பியது. 1670இல் செய்ததையே மறுபடி செய்ய வேண்டியிருந்தது.

தோட்டத்துக்குள்ளே எழும்பிய கெபிகளும் இதே குணம் கொண்டவை. லயத்துக் கடைசியில், பாதை வளைவில், நாலு கல் அடுக்கி, சீமெந்து பூசி, உள்ளே வேளாங்கண்ணி மாதா அல்லது புனித அந்தோனியார். யாருக்கும் காட்சி கொடுத்த இடமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தது, வெளிநாட்டுக்குப் போன மகள் நல்லபடி திரும்பினாள், அதற்கு நன்றியாக ஒரு குடும்பம் கட்டியது, மற்றக் குடும்பங்கள் விளக்கு வைத்தன. பெரிய திருத்தலங்களின் ஆரம்பமும் பெரும்பாலும் இவ்வளவுதான்.

தவக்காலத்தில் இந்தத் தோட்டங்களில் நடக்கும் சிலுவைப்பாதையை வெளியூர்க்காரர்கள் பார்க்க வேண்டும். எருசலேமின் திருத்தலங்களைக் காத்தவர்கள் மரிஞோலியின் சபையினரான பிரான்சிஸ்கன்கள். அங்கே போகமுடியாத ஏழைகளுக்காக அந்தப் பாதையைத் தங்கள் ஊர்களிலேயே அமைத்துக் கொடுத்தவர்களும் அவர்களே. பதினான்கு தலங்கள் என்ற கணக்கை 1731இல் பாப்பரசர் பன்னிரண்டாம் கிளமென்ட் உறுதிசெய்தார். ஐரோப்பாவில் அது ஆலயச் சுவரில் பதினான்கு படங்களாகச் சுருங்கிப்போனது பல இடங்களில். மலையகத்தில் சுருங்கவில்லை. கீழ் லயத்தில் தொடங்கி, ஸ்டோரைத் தாண்டி, கொழுந்து மலைப் படிக்கட்டில் சிலுவையைத் தோள்மாற்றித் தோள்மாற்றி ஏறுகிறார்கள். இயேசு விழுந்த இடத்தில் மண்டியிடுகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே இருப்பது அவர்கள் தினமும் கூடையோடு வழுக்கி விழும் அதே பாதை. தங்கள் பாட்டனார் கல்லுடைத்துப் போட்ட படியில் அவர்கள் எருசலேமை நடக்கிறார்கள். துரைக்கு முன்னால் கைகட்டி நின்றவனுக்குப் பிலாத்துவின் முற்றம் எப்படியிருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

தண்ணீரைச் சொல்லாமல் டிக்கோயாக் கதை முடியாது. 1965இல் கெகெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ அணை எழும்பியது. அதுவரை பள்ளத்தாக்கைப் பார்த்து நின்ற வார்லி அன்றிலிருந்து ஏரியைப் பார்த்து நிற்கிறது. உல்லாசப் பயணிகள் படமெடுக்கும் அழகு அப்படி வந்ததுதான். பக்கத்து மஸ்கெலியாவுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கம் பழைய மஸ்கெலியா நகரத்தையே மூழ்கடித்தது. கடும் வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் சேற்றுக்குள்ளிருந்து வெளியே வரும். ஊர் மேட்டுக்கு மாறி அறுபது ஆண்டு ஆகப்போகிறது. ஆனாலும் செய்தி கேட்டதும் பூவும் கற்பூரமும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போகிறார்கள். அங்கே பிறக்கவே பிறக்காத பேரப்பிள்ளைகளும் போகிறார்கள். அந்த நாட்களில் நான் அங்கே கிறிஸ்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்களுக்குக் கும்பிட அங்கே எதுவும் வெளிவரவில்லை என்றாலும். பழைய கடைத்தெரு எது, சந்தை எது என்று சேற்றில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த இதழில் ஹட்டன் திருச்சிலுவை ஆலயம். கண்டி மறைமாவட்டத்தைப் பொறுப்பேற்று வந்த சில்வெஸ்திரியன் பெனடிக்ட் துறவிகள் தோட்டங்களை எப்படி அணுகினார்கள், ரயில் வந்த 1884க்குப் பின் ஹட்டன் எப்படி மாறியது என்பதோடு தொடங்குவோம்.